இரண்டு மனு, ஒரு கட்டைவிரல்

கிட்ட வந்து உட்காருங்க. காது எனக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, குரல்தான் தூரத்துக்குப் போவதில்லை.

டைப் அடிக்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வார்த்தை அடுத்தவருடையது, மாட்டிக்கொள்ளும்போது விரல் நம்முடையது. யாரோ சொன்னதை எழுதிக்கொடுத்து, பிறகு அதற்காக முழித்தவர்கள் உங்களிலும் நாலு பேர் இருப்பீர்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கடைசி வரி

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். டைப்பிங் மட்டும் பாஸ் செய்து, சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீஸ் வராந்தாவில் மேஜை போட்டுக்கொண்டேன். இங்கிலீஷில் எழுத்து முழுக்கத் தெரியும், வார்த்தை பாதி தெரியும், வாக்கியம் யாராவது விளக்கினால்தான் தெரியும். மனு அடிக்க அது தாராளம்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைக் கோடு எங்கே விழும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். காலையில் தாமோதரன் வருவார். அந்த வக்கீலின் குமாஸ்தா, எனக்கு வராந்தாவில் இடம் வாங்கிக் கொடுத்தவர். நகரிப் பக்கத்து ஊர்களெல்லாம் தமிழ் ஊர்கள், மெட்ராஸோடு சேர்க்க வேண்டும் என்று மனு சொல்லுவார், அடிப்பேன். மத்தியானம் வேர்க்கடலை மண்டி வெங்கட்ராமய்யா வருவார். அதே ஊர்களெல்லாம் தெலுங்கு ஊர்கள், ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லுவார், அதையும் அடிப்பேன். ஒரே மிஷின், ஒரே ரிப்பன்.

இரண்டு மனுவுக்கும் கடைசி வரியும் ஒன்றுதான். கோர்ட்டு வாசலில் பிழைக்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்காது: 'மேலே கண்டதெல்லாம் என் அறிவுக்கும், எனக்குக் கிடைத்த தகவலுக்கும், என் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை.' தூக்கத்தில் எழுப்பினாலும் என் விரல் அதை அடிக்கும். ஒரு நாள் தாமோதரனிடம் மெதுவாகக் கேட்டேன், காலையில் அடித்ததும் உண்மை, மத்தியானம் அடித்ததும் உண்மை என்றால் எப்படி என்று. அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கடைசி வரிய எவன்பா படிக்கிறான்? அது தபால் தலை மாதிரி. ஒட்டினாத்தான் கவர் போவும், அவ்ளோதான்."

படித்த ஒரே ஆள்

அந்த வரியை நிஜமாகவே படித்தவர் ஒருத்தர் வந்தார். எஸ்தர் டீச்சர். மிஷன் பங்களாவுக்குப் பின்னால் குடியிருந்த கிறிஸ்தவக் குடும்பம். ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை, லீவு விட்டால் வேலையும் முடிந்துவிடும். வீட்டில் படுக்கையோடு கிடக்கும் அப்பா, வேறு யாரும் இல்லை. தத்துவத்தில் எம்.ஏ. பரீட்சைக்குத் தனியாகப் படித்து, எழுத்துப் பரீட்சையெல்லாம் முடித்திருந்தார். பாக்கி ஒரு கட்டுரை. திருப்பதியில் ஒரு புரொபசர் அதை ஒப்புக்கொண்டால் அங்கே காலேஜில் வேலை உறுதி. ஒப்புக்கொள்ளாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

"எதைப் பத்தி டீச்சரம்மா?" என்றேன், பேப்பரை உருளையில் மாட்டிக்கொண்டே.

"ஒரு விஷயம் எனக்குத் தெரியும்னு எப்போ சொல்லலாம், அதைப் பத்தி."

"தெரிஞ்சா சொல்லலாம்."

அவர் சிரிக்கவில்லை. மேஜையில் காய்ந்துகொண்டிருந்த மனுவை எடுத்தார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். திரும்ப ஒரு தடவை படித்தார். அறிவு வேறே, தகவல் வேறே, நம்பிக்கை வேறே. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எது எதற்கு என்று யார் பிரிப்பது என்று கேட்டார். தாமோதரன் சொன்ன தபால் தலையைச் சொன்னேன். அவர் மனுவை வைத்துவிட்டு என் விரல்களைப் பார்த்தார். "நான் ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட தைரியமா எழுத முடியாத வார்த்தைய, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கறீங்க அண்ணா."

விரல் செய்த வேலை

கட்டுரையை அடித்து முடித்தேன். டபுள் ஸ்பேஸ், இரண்டு கார்பன். எனக்கும் திருமலையில் முடி கொடுக்கிற வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்ததால் டீச்சர் கட்டுரையைத் திருப்பதிக்கு எடுத்துப் போன அதே நாளில் நானும் கிளம்பினேன். மலை ஏறி இறங்கி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு புரொபசர் வீட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் உள்ளே. ஜன்னல் திறந்திருந்தது.

பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் அது நின்றது. பிறகு அந்தப் பெரியவர், ஒரு வரியை இழுத்து இழுத்து வாசித்தார். மேலே கண்டதெல்லாம் என் அறிவுக்கும், எனக்குக் கிடைத்த தகவலுக்கும்... கட்டுரை முடிந்ததும் மனு முடிந்ததாக நினைத்து என் விரல் தானாகவே அதை அடித்துத் தொலைத்திருக்கிறது. டீச்சரும் கவனிக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர்.

டீச்சர் என் பேரைச் சொல்லியிருக்கலாம். டைப்பிஸ்ட் தப்பு சார் என்றால் முடிந்தது. சொல்லவில்லை. புரொபசர் பேப்பரைத் தட்டி அடுக்குகிற சத்தம் கேட்டது. எல்லாம் பெரிய பெரிய ஆட்கள் சொன்னது, இதில் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். வெளியே போய், கண்ணால் பார்த்த ஒரு சங்கதியை வைத்து எழுதிக்கொண்டு வா, அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை பார்ப்பேன், அதற்கப்புறம் மார்க் அனுப்பிவிடுவேன் என்றார். டீச்சர் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் வாசல்வரை வந்து அந்தக் கடைசிப் பக்கத்தை நீட்டினார். "இதை மட்டும் எடுத்துண்டு போம்மா. கட்டுரையா, வாக்குமூலமான்னு முதல்ல நீ முடிவு பண்ணிக்கோ."

மை பூசின தலை

திங்கட்கிழமை காலை தாமோதரன் லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். மனுவில் கட்டைவிரல் வைக்க. மை டப்பா என் மேஜையில்தான் இருக்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். விரல் வைத்ததும் மையைத் துணியில் துடைக்க மாட்டார்கள், தலைமுடியில் துடைத்துக்கொள்வார்கள். கறுப்பு முடியில் தெரியாது. ஒருத்தர் மட்டும் தும்பைப்பூ மாதிரி வெளுத்த தலை. பேர் முனிரத்தினம். அவர் துடைத்துக்கொண்டதும் காதுக்கு மேலே நீலமாக ஒரு திட்டு நின்றுவிட்டது. போகும்போது என் மொட்டையைப் பார்த்து, "உனுக்குத் தொடைக்க எடமே இல்லியே நைனா" என்றார்.

மத்தியானம் வெங்கட்ராமய்யா இன்னொரு கூட்டத்தோடு வந்தார். வரிசையில் ஏழெட்டாவது ஆளாகக் காதுக்கு மேலே நீலத் திட்டோடு ஒரு வெள்ளைத் தலை நின்றுகொண்டிருந்தது. வெங்கட்ராமய்யா வரிசையின் கடைசியில் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். டப்பாவை நகர்த்துகிற சாக்கில் குனிந்து, "பெரியவரே, காலைலதானே வெச்சீங்க?" என்றேன் மெதுவாக. அவர் விரலை மையில் அழுத்திக்கொண்டே, கொஞ்சம்கூடக் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "அவரு சொன்னதும் நெசம், இவரு சொல்றதும் நெசம். ஒருத்தரு மனசை நான் எதுக்கு நோவடிக்கணும்?"

மாட்டுக்கு ஒரு பாஷை

அன்று சாயங்காலம் டீச்சரிடம் சொன்னேன். கண் பளிச்சென்று ஆனது. உடனே அணைந்தும் போனது. "நீங்க பார்த்தது உங்களுக்கு அறிவு. எனக்கு அது வெறும் தகவல். நானே அவரைப் பார்க்கணும்." மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டார். மனுவில் ஊர்ப் பேர் இருந்தது, நானும் கூடக் கிளம்பினேன். புத்தூர்வரை ஒரு பஸ், அங்கிருந்து நகரி போகிற பஸ், இறங்கி வரப்பு வழியாக நடை.

முனிரத்தினம் கிணற்றடியில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகளைத் தெலுங்கில் அதட்டினார். கஞ்சி கொண்டுவந்த பெண்சாதியிடம் தமிழில் பேசினார். எங்களைப் பார்த்ததும் இரண்டையும் கலந்து வரவேற்றார். டீச்சர் வரப்பிலேயே உட்கார்ந்து, உங்கள் பாஷை எது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். அவர் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நைனாகிட்ட தெலுங்கு, அம்மாகிட்ட தமிழ், மண்டிக்குப் போனால் தெலுங்கு, கெட்ட வார்த்தைக்கு இரண்டும் என்றார். டீச்சர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கட்டுரையில் எழுதட்டுமா என்று டீச்சர் கேட்டதும் மனுஷன் முகம் மாறியது. கவலைக் கயிற்றை விட்டுவிட்டார். "எழுதிக்கினு போம்மா, ஆனா எம் பேரு வேணாம். ரெண்டு பேருமே பெரிய ஆளுங்க. தெரிஞ்சா இந்தப் பக்கம் ஒருத்தன் ஒதைப்பான், அந்தப் பக்கம் ஒருத்தன் ஒதைப்பான்." டீச்சர் அவருக்கு வாக்குக் கொடுத்தார். வரப்பு திரும்புகிற இடம்வரை அவர் கூடவே வந்தார். வீடு இருந்த பக்கத்தையும் கிணறு இருந்த பக்கத்தையும் கையால் காட்டினார். "கோடு எங்கனா போட்டுக்கட்டும். என் வூடு ஒரு ராஜ்யத்துல, என் கெணறு ஒரு ராஜ்யத்துல போயிடாம இருந்தா போதும்."

தோளுக்கு மேலே

டைப் அடிக்கிறவனுக்குப் பின்னால் வந்து நின்று படிக்கிற ஆட்களை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூச்சு நம் கழுத்தில் படும். திரும்பிப் பார்த்தால், சும்மா நிற்கிறேன் என்பார்கள்.

வியாழக்கிழமை டீச்சரின் புதுப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன். பேர் இல்லை, ஊர் இல்லை. ஒரே நாளில், ஒரே மேஜையில், எதிரெதிரான இரண்டு மனுவில் கட்டைவிரல் வைத்த ஒரு விவசாயி, அவ்வளவுதான். வெற்றிலை வாசனை வந்தது. எழுந்து பேப்பரை மறைப்பதற்குள் தாமோதரன் படித்து முடித்துவிட்டார். அவர் கத்தவில்லை, அதுதான் பயம். வராந்தாவைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, நேராக வேர்க்கடலை மண்டிக்குள் போனார். வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரும் சேர்ந்து ரோட்டைத் தாண்டி வந்தார்கள்.

இந்த விஷயம் மேலே போனால் இரண்டு மனுவும் பொய் மனு ஆகிவிடும் என்றார் தாமோதரன். யார் அந்த ஆள் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அன்றுவரை நான் அடித்த எந்தப் பொய்யும் என் வாயால் வந்ததில்லை, அது வந்தது. வெங்கட்ராமய்யா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். அவர் தமிழும் நன்றாகப் பேசுவார். "நாளைக்கு அந்த அம்மா வருமில்ல? நாங்களும் வர்றோம். பேரு சொன்னா ஆளுக்குத் தண்டனை, சொல்லலைன்னா உனக்கு இந்த வராந்தா லேது."

வெள்ளிக்கிழமை

திருப்பதி பஸ் நாலு மணிக்கு. டீச்சர் மூன்று மணிக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை நான் சொல்வதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

தாமோதரன் ஆரம்பித்தார். "பேரைச் சொல்லும்மா. இல்ல, இங்கியே அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு. ரெண்டுல ஒண்ணு."

கிழித்தால் கட்டுரையில் ஒன்றுமில்லை. சொன்னால் முனிரத்தினம் என்ன ஆவார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். வெங்கட்ராமய்யா மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். டீச்சரின் பள்ளிக்கூடக் கமிட்டியில் அவரும் ஒருத்தர். "காலேஜ் வேலைக்கு நடத்தை சர்ட்டிபிகேட் நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் உந்தா அம்மா?"

"உந்தி, இருக்கு" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்து, "எழுந்திருங்க அண்ணா. இது உங்க கையால வேணாம்" என்றார்.

எழுந்தேன். அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, முனிரத்தினத்தைப் பற்றிய பக்கத்தை எடுத்து நாலாக மடித்து, பெஞ்சிலிருந்தவர்கள் பார்க்கவே கிழித்தார். தாமோதரன் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். டீச்சர் வேறொரு வெள்ளைப் பேப்பரை மாட்டினார். கார்பன் வைக்கவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அடிக்க அடிக்க, என்ன அடிக்கிறார் என்பதை எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார், பிள்ளைகளுக்கு டிக்டேஷன் கொடுக்கிற குரலில்.

"பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேரும்போது, என் தாய்மொழி தெலுங்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே மாசம் சர்ச் பதிவுல தமிழ்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்க அப்பா தெலுங்குல ஜெபம் பண்ணுவார், அம்மா இருந்தவரைக்கும் தமிழ்ல பண்ணுவாங்க. அதனால ரெண்டும் உண்மைன்னு நினைச்சு எழுதினேனா, இல்ல வேலைக்காக எழுதினேனா? நான் செஞ்ச காரியம்தான். செஞ்சது நான்தான். ஆனா ஏன் செஞ்சேங்கிறது எனக்கே நிச்சயமாத் தெரியல."

வரி முடிகிற இடத்தில் மிஷின் மணி அடித்தது. வெங்கட்ராமய்யா எழுந்துவிட்டார். டீச்சரை வேலைக்குச் சேர்க்கும்போது, தெலுங்கு என்று எழுதிய அந்த விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டவரே அவர்தான். "அம்மா, இது வெளிய போனா உன் வேலைக்கே ஆபத்து. ஆலோசன பண்ணு" என்றார். அவர் குரலில் அப்போது மிரட்டல் இல்லை, நிஜமாகவே பதறினார். டீச்சர் நிறுத்தவில்லை. நாலைந்து வரி தள்ளி, என் விரல் தெரியாமல் அடித்து மானத்தை வாங்கிய அந்த மனு வரியைத் தெரிந்தே அடித்தார், கொஞ்சம் மாற்றி: 'மேலே கண்டதில் நான் செய்தது என் அறிவு, ஏன் செய்தேன் என்பது என் நம்பிக்கை மட்டும்.'

தாமோதரன் விடவில்லை. "அதெல்லாம் சரிம்மா. ரெண்டு மனுவுல வெச்ச அந்தக் கட்டைவிரல் யாருது? அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ."

டீச்சர் பேப்பரை உருவி மேஜைமேல் விரித்தார். மை டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். எம்.ஏ. படித்த பெண்பிள்ளை, முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுகிறவர், கட்டைவிரலை மையில் அழுத்தி, அந்த வரிக்குக் கீழே ஆழமாகப் பதித்தார். "இந்தக் கட்டுரையில இருக்கிற கட்டைவிரல் இதுதான். வேற எதுவும் இதுல இல்லை. வேணும்னா ஒத்துப் பார்த்துக்குங்க."

இரண்டு பேரும் குனிந்து அந்த ரேகையைப் பார்த்தார்கள். அவர்கள் மனுவைத் தொடுகிற வார்த்தை அந்தப் பேப்பரில் ஒன்றுகூட இல்லை. தாமோதரன் திரும்பி, டீச்சரிடம் இல்லை, என்னிடம் சொன்னார்: "பேப்பரை மடிச்சுக் குடுப்பா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அதற்கப்புறம் டீச்சருக்குத் திருப்பதியில் வேலை கிடைத்தது என்பது எனக்கு வந்த தகவல், அப்பாவோடு நன்றாக இருந்தார் என்பது என் நம்பிக்கை, அந்த நாலு மணி பஸ்ஸின் படியில் கால் வைக்கும்போது கட்டைவிரல் மையைக் காதுக்கு மேலே தலைமுடியில் துடைத்துக்கொண்டு ஏறினார் என்பது மட்டும் என் அறிவு.